மண்பாவையும் ராசாவின் இடது கையும்

முன்னொரு காலத்தில், வைத்தியன் பேச்சைவிட மந்திரவாதி பேச்சு எடுபட்ட ஒரு நாட்டில், ராசாவுக்குத் திடீரென்று இடது கை அசைவற்று விழுந்துபோயிற்று. ஏழு நாளாகச் சிரிப்பும் இல்லை. அரண்மனைப் புறாக்கள்கூட வாய் திறக்கவில்லை.

"எவனோ எனக்கு வசியம் வைத்திருக்கிறான். பிடித்து வாருங்கள், கழுவேற்றுகிறேன்" என்றார் ராசா.

வசியம் என்றால் லேசா? அடிக்காமல், கட்டாமல் ஆளைத் தன் இஷ்டத்துக்கு ஆட வைப்பது. மண்ணில் பாவை பிடித்து, அந்த ஆளின் முடியைத் தலையில் ஒட்டி, காதில் மூன்று தரம் பேர் ஊதினால் பாவையும் ஆளும் ஒன்று என்பார்கள். அதைக் குத்தினால் ஆளுக்கு வலிக்குமாம். எல்லாம் சொல்லக் கேள்விதான். கண்டவன் எவனும் இல்லை.

படையை நடத்தும் தளவாய் வேங்கடரங்கனுக்கு இது போதாதா? ராசாவைச் சிரிக்கவைக்கும் விகடகவி சடையாண்டியைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். மறுநாள் காலை சபை நடுவில் ஒரு மண்பாவையைக் கொண்டுவந்து போட்டான். தலையில் ராசாவின் நரைமுடி. இடது தோளில் ஊசி.

"இவன் வீட்டுக் கூரையில் இருந்தது, மகாராசா! இவன் வாயைத் திறந்தாலே சிரித்தீர்களே, அத்தனையும் வசியம்!"

சபையில் நின்ற சடையாண்டி பாவையைக் குனிந்து பார்த்தான். பாவை அவனையே பார்ப்பது போலிருந்தது. வெளியே கழுமரத்துக்குப் பூசும் எண்ணெய் நாற்றம் உள்ளே வந்தது.

"தளவாய் அவர்களே, இது வெறும் பொம்மைதானே?"

"பொம்மையாடா? பேர் ஊதின பாவை. இது மகாராசாவேதான், என் தலைமேல் சத்தியம்!"

சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாவையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வெகுநேரம் எழவில்லை. பிறகு மெல்ல எழுந்து கேட்டான்.

"என் வீட்டிலிருந்து மகாராசாவை எப்படி அழைத்து வந்தீர்கள்? பல்லக்கிலா?"

"பல்லக்கு ஒரு கேடா? ஊரே பார்க்கட்டும் என்று காலில் கயிறு கட்டி, குதிரைக்குப் பின்னால் இழுத்து..." தளவாயின் வாய் பாதியில் நின்றது.

"கேட்டீர்களா, மகாராசா? இது தாங்கள்தான் என்றால், தங்களைத் தெருப்புழுதியில் இழுத்து வந்தவர் இவர். இது தாங்கள் இல்லை என்றால் எனக்கு எதற்குக் கழுமரம்? முதுகைத் தடவிப் பாருங்கள், சிராய்ப்பு இருக்கிறதா?"

ராசா தடவினார். ஒரு கீறல் இல்லை. தளவாயைப் பார்த்தார்.

"ம... மண்தான், மகாராசா. நான்தான் பிடித்தேன்."

ராசா குலுங்கிச் சிரித்தார். இரண்டு கையாலும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு கையாலும்! சபை அதை ஒரு கணம் கழித்துத்தான் கவனித்தது.

"அந்த மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு, இழுத்து வந்த தெருவெல்லாம் நட, தளவாய்!" என்றார். தன் முத்துமாலையைக் கழற்றி, இடது கையாலேயே சடையாண்டியின் கழுத்தில் போட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், சடையாண்டியைத் தவிர. விழுந்து கும்பிட்டபோது பாவையின் தோளிலிருந்து உருவிய ஊசி அவன் மடியில் இருந்தது. விரலால் தொட்டான். ஈரமாக இருந்தது. ஈரமண்ணாகத்தான் இருக்கும், ரத்தமாக இருக்காது. எடுத்துப் பார்க்க மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை.