மூன்று விரல் காற்று

முன்னொரு காலத்தில் கணவாய்க்கோட்டை என்ற நாட்டைப் பூதலராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கணவாய்க்கோட்டைக்காரர்கள் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அம்மி மேல் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்படியொரு காற்று அந்த மலைக்கணவாய் வழியாக வரும்.

ராஜா நல்லவன்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. ஒரு சித்திரை மாதம், பள்ளியறையின் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் பழசாகிவிட்டது, புதிதாக மாற்றுங்கள் என்றான். அந்த வேலைக்கு இசக்கி ஆசாரியை அழைத்துவரச் சொன்னவர் மந்திரி பிச்சாண்டி. அரண்மனைக் காரியக்காரர் குமாரவிடங்கருக்கு வயிறு எரிய அது ஒன்றே போதும். மந்திரி நல்லது என்றால் அவருக்குத் தேனும் கசக்கும்.

ஆசாரி முழக்கோலோடு அளவெடுக்க வந்தபோது காரியக்காரர் வாசலிலேயே மறித்தார். ராஜா படுக்கும் அறைக்குள் தச்சனுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் கையால் முழம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, உயரமும் மூன்று முழம், அகலமும் மூன்று முழம் என்றார். ஆசாரி தன் கோலின்படி நல்ல தேக்கில் ஜன்னல் செய்தார். காரியக்காரருக்குக் கை நீளம், அவர் முழம் கோலைவிடப் பெரியது என்பது ஆசாரிக்கு எப்படித் தெரியும்?

பொருத்துகிற அன்று பார்த்தால், நிலைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் மூன்று விரல் இடைவெளி. வேறு செய்து தருகிறேன் என்று ஆசாரி சொன்னார். காரியக்காரர் கேட்கவில்லை. ராஜா நாளை பார்க்க வருகிறார், ஆப்பு வைத்து நிறுத்திவிட்டுப் போ என்று விரட்டிவிட்டு, இடைவெளியில் களிமண்ணை அப்பி மேலே வெள்ளையடித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ராஜாவும் மெச்சினான்.

ஆடி பிறந்தது. காய்ந்த களிமண் வெடித்து, கட்டி கட்டியாக ராஜாவின் படுக்கையில் விழுந்தது. பின்னாலேயே காற்று சீட்டியடித்துக்கொண்டு வந்து ராஜாவின் தலைப்பாகையை உருட்டிவிட்டது.

சபை கூடியது. ராஜாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. இந்த அளவை எடுத்தவன் யார் என்று கேட்டான். ஆசாரிதான் என்று காரியக்காரர் கூசாமல் சொன்னார். அதோடு நிற்காமல் தண்டனையையும் அவரே எடுத்துக்கொடுத்தார்.

"அளவு கொடுத்தவன் எவனோ, அவனே ஜன்னலுக்கு வெளியே நிலாமுற்றத்தில் நின்று தன் முதுகால் காற்றை மறைக்கட்டும் மன்னா. ஆடி முடியும்வரை நிற்கட்டும்."

ராஜா அப்படியே ஆகட்டும் என்றுவிட்டான். இசக்கி ஆசாரிக்கு இழுப்பு நோய். அந்தக் காற்றில் ஒரு நாழிகை நின்றாலே மூச்சு அடைத்துவிடும். ஒரு மாதம் நின்றால் ஆள் பிழைக்கமாட்டார். மந்திரிக்கு அது தெரியும். மனம் பதறியது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. தண்டனைக்கு முன்னால் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் பள்ளியறைக்குப் போனார்கள். மந்திரி இடைவெளியைத் தடவிப் பார்த்தார். நல்ல பட்டுப்புடவையைத் தொட்டவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"மன்னா, மழையில் மரம் ஊதும். சுவரோடு இறுக்கிய ஜன்னல் ஐப்பசியில் திறக்காது. இடம் விட்டுப் பொருத்த வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அளவு கொடுத்தவருக்குச் சால்வை அல்லவா போர்த்த வேண்டும்?"

ராஜாவின் மனம்தான் நமக்குத் தெரியுமே. உடனே தன் தோளிலிருந்த முத்துச் சால்வையை எடுத்து, ஆசாரியை அருகே வரச் சொன்னான். காரியக்காரருக்குப் பொறுக்கவில்லை. தச்சன் தோளில் முத்துச் சால்வையா என்று முன்னால் பாய்ந்தார்.

"அளவு எடுத்தது அடியேன் மன்னா. கதவைச் சாத்திக்கொண்டு, இதோ இந்தக் கையால் எடுத்தேன்."

"காலையில் ஆசாரி என்றீரே?"

"அது தன்னடக்கம் மன்னா."

மந்திரி அந்தக் கையை மரியாதையோடு பிடித்து, ஆசாரியின் முழக்கோல்மேல் வைத்தார். கோல் முடிந்த பிறகும் கை இரண்டு விரல் போனது.

"நான் சொன்னதில் பொய்யில்லை மன்னா. இடம் விடத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை மட்டும் ஆசாரியிடம் கேளுங்கள்."

"அரை விரல் போதும் மகாராசா," என்றார் ஆசாரி. "இது பூனை போற வழி."

ராஜா சிரித்துவிட்டான். பிறகு, அளவெடுத்தது யார் என்பதை ஏன் சபையில் சொல்லவில்லை என்று ஆசாரியைக் கேட்டான்.

"நீங்க என்னைக் கேக்கலியே மகாராசா. தீர்ப்புதான் சொன்னீங்க."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. வெட்கப்பட்டான். சால்வையை ஆசாரியின் தோளில் தன் கையாலேயே போர்த்தினான். காரியக்காரரைப் பார்த்து, நீர் சொன்ன தண்டனை நல்ல தண்டனை, இனி நிலாமுற்றம் உமக்கு என்றான்.

மந்திரிக்கு இரக்கம் வந்தது. இடைவெளியை அடைத்து முடித்ததும் இவரை விட்டுவிடலாம் மன்னா என்றார். காரியக்காரர் ஆவலோடு ஆசாரி பக்கம் திரும்பி, எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

"இடுக்குல மரச்சக்கை அடிச்சு, தேங்காநார் திணிச்சு, கடுக்காத்தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்புச் சாந்தைப் பூச ஒரு பகல் போதும்யா. ஆனா ஈரச் சாந்துல காத்து பட்டா, நீங்க அப்பின மண்ணு மாதிரி வெடிச்சிரும். இறுகுற வரைக்கும் ஏழு நாள் யாராச்சும் வெளிய மறைச்சு நிக்கணும். முதுகு அகலமா இருந்தா நல்லது."

ஏழு நாளும் குமாரவிடங்கர் நின்றார். எட்டாம் நாள் சாந்து கல்லாக இறுகியிருந்தது. ராஜா வெயில் ஏறும்வரை தூங்கினான். காரியக்காரர் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அங்கே அவருடைய படுக்கையறை ஜன்னல் காற்றில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உடனே இசக்கி ஆசாரிக்கு ஆளனுப்பினார். முழக்கோலோடு வரச் சொன்னார்; அறைக்குள்ளேயே வந்து அளவெடுக்கச் சொன்னார்.