கோடன் மகன் பிடித்த கயிறு

கடற்கரையில் ஒரு விளக்குத் தூண்கூட எழும்பாத காலம். கப்பல்காரர்கள் நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்ட காலம். அந்தக் காலத்தில் வெண்மணல்துறை என்ற ஊரில் கோடன் என்று ஒருவன் இருந்தான். இந்தக் கதை அவனுடைய மகன் திரையனைப் பற்றியது. ஆனால் அப்பனைச் சொல்லாமல் மகனைச் சொல்ல முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். கேளுங்கள்.

வெண்மணல்துறையில் எல்லாரும் முத்துக் குளிப்பவர்கள். காலடியில் ஒரு கல், கழுத்தில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கயிறு. இந்த மூன்றோடு ஒருவன் கடலுக்குள் இறங்குவான். கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவன் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டும்போது குளிப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் உடனே இழுப்பான்.

கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடிக்க முடியாது. குளிப்பவனின் மனைவிக்கு உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். "தங்கையின் தாலி அறுபட எந்த அண்ணனாவது விடுவானா?" என்று அந்தக் கரைகளில் ஒரு பேச்சு உண்டு. தாயைப் போலப் பிடிப்பான் மைத்துனன் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கோடனின் தங்கை கணவன் நாகன். நாகன் குளிப்பான், கோடன் பிடிப்பான். பதினெட்டு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒருவனுக்கு என்ன தோன்றும்? இனிமேலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும்.

ஒருநாள் கோடனுக்கு வெற்றிலை போட வேண்டும் போல இருந்தது. வெற்றிலை மடிக்க இரண்டு கை வேண்டும். கயிற்றைப் படகின் குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினான். கட்டை எங்கே சுண்டுவதை உணரும்? நாகன் சுண்டினான், சுண்டினான், பிறகு சுண்டவில்லை.

ஊர் கூடியது. கோடன் நடுவில் நின்றான். "கயிறு என் கையில்தான் இருந்தது. அவன் சுண்டவே இல்லை" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் படகைப் போய்ப் பார்த்தார்கள். முடிச்சு அவிழாமல் பலகையில் இருந்தது. முடிச்சின் மேல், பதறி அவிழ்க்கப் போன சுண்ணாம்பு விரலின் தடம் வெள்ளையாக இருந்தது.

தவறு ஒன்று, பொய் ஒன்று. தவற்றை ஊர் ஒருவேளை பொறுத்திருக்கும். பொய்யைப் பொறுக்கவில்லை. கோடன் போகும் வழியில் பெண்கள் அவன் நிழல் படாமல் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோடன் சோற்றைக் குறைத்தான், பிறகு தண்ணீரைக் குறைத்தான். நாற்பதாம் நாள் செத்துப்போனான். பாடை தூக்க நாலாவது ஆள் வரவில்லை. திரையன் ஒரு பக்கத்தை இரண்டு ஆள் பாரமாகத் தூக்கிக்கொண்டு போனான்.

திரையனுக்குத் தாய் இல்லை. வளர்த்தவள் அத்தை, இப்போது தாலி இழந்து உட்கார்ந்திருப்பவள். சடங்கெல்லாம் முடிந்தபின் அவள் வாசலில் போய் நின்றான்.

"அத்தை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்மேல் எனக்குக் கோபம் இல்லை திரையா. ஆனால் உன் முகத்தில் அவன் முகம் இருக்கிறது. நான் என்ன செய்ய?" என்றாள்.

"நான் போகிறேன் அத்தை."

"போ" என்றாள். வா என்று சேர்த்துச் சொல்லவில்லை.

திரையன் கரையோடு தெற்கே நடந்தான். அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஏதாவது ஒரு துறையில் கயிறு பிடிக்க வேண்டும். சிறு வயதிலிருந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற வேலை. அதை விட்டுவிட்டால் அப்பாவிடமிருந்து வந்த நல்லது ஒன்றுகூட மிஞ்சாது என்று நினைத்தான்.

முதலில் புன்னைத்துறை வந்தது. அங்கே ஒரு படகுக்காரன் வலையை உலர்த்திக்கொண்டிருந்தான்.

"யார் மகன் நீ?"

"வெண்மணல்துறைக் கோடன் மகன்."

படகுக்காரன் வலையை அப்படியே விட்டான். வெளியே கிடந்த தன் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். கெட்ட பெயருக்குக் கால் முளைத்துவிடும். அது திரையனுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

இரண்டாவதாக ஞாழல்துறை வந்தது. அங்கே ஒரு நல்ல மனிதர் இருந்தார். கஞ்சி ஊற்றினார், கருவாடும் வைத்தார். அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டார். கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிடு. சாத்தன் மகன் என்று சொல். உலகத்தில் ஆயிரம் சாத்தன். கடலுக்கா பெயர் தெரியப்போகிறது?"

"கடலுக்குத் தெரியாது ஐயா, எனக்குத் தெரியுமே" என்றான் திரையன்.

"வீம்பு பிடித்தவனாக இருக்கிறாயே. வீம்பு கஞ்சி ஊற்றாதப்பா!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. திரையனும் அன்று முழுவதும் அதை யோசித்தான். ஆளில்லாத கரையில் நடக்கும்போது, "சாத்தன் மகன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். அப்பா இன்னொரு முறை செத்தது போல இருந்தது. இந்த முறை பாடை தூக்க மகன்கூட இல்லை. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தது எழுதிரைத்துறை.

அங்கே சுறவன் என்று பெயர்பெற்ற ஒரு முத்துக் குளிப்பவன் இருந்தான். அவன் மனைவி அலரி. அவளுக்கு ஒரே ஒரு தம்பி, அவனும் அந்த ஆண்டு காய்ச்சலில் போய்விட்டான். கயிறு பிடிக்க ஆள் இல்லை. இப்படிப்பட்ட பெண்களுக்கு அந்தத் துறையில் ஒரு வழி உண்டு. துறை மக்கள் முன்னால், தன் கையால் ஒருவனுக்கு ஒரு கவளம் சோறு கொடுத்தால் அவன் அவளுக்கு உடன்பிறந்தவன். அவனைத் தேர்ந்தெடுப்பது அவள் உரிமை. ஊர்த் தலைவர்கூடக் குறுக்கே பேச முடியாது.

மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்றாவது ஆள் திரையன். மூவருக்கும் தோள் வலிமை உண்டு. மூவரும் கயிற்றை நன்றாக இழுத்துக் காட்டினார்கள். அலரி சோற்றுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கள் வீட்டில் கயிற்றால் யாராவது அழுதிருக்கிறார்களா?"

முதல் ஆள் மார்பைத் தட்டினான். "ஏழு தலைமுறையாக எங்கள் கையில் கயிறு நழுவியதே இல்லை தாயே!"

இரண்டாவது ஆள் சிரித்தான். "அழுகையா? என் பாட்டன் பிடித்த கயிற்றில் ஒரு சுறாமீனே தொற்றிக்கொண்டு மேலே வந்ததாம். அவ்வளவு நம்பிக்கை அதுக்கு!" கூட்டமும் சிரித்தது.

திரையன் சிரிக்கவில்லை.

"அழுதிருக்கிறார்கள் அக்கா. நான் வெண்மணல்துறைக் கோடன் மகன். என் அப்பா கயிற்றைப் பலகையில் கட்டிவிட்டு வெற்றிலை மடித்தார். என் மாமா செத்துப்போனார். கட்டவில்லை என்று அப்பா ஊரில் பொய்யும் சொன்னார். என் அத்தை இப்போதும் அழுகிறாள்."

ஊர்த் தலைவர் பதறி எழுந்தார். "அலரி, கேட்டாயல்லவா? அந்தக் கோடன்! பொய்யன் மகன்!"

"பொய்யன் மகன் பொய் சொல்லவில்லையே, பெரியப்பா" என்றாள் அலரி. "மற்ற இரண்டு பேரும் ஒன்றும் நடக்காது என்று நம்புகிறார்கள். நடக்கும் என்பது இவனுக்குத் தெரியும்."

கவளத்தை உருட்டித் திரையன் கையில் வைத்தாள். "சாப்பிடு தம்பி."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கவளம் சோறு வாங்குவது எளிது, அதற்குத் தகுதியாக இருப்பது எளிதல்ல.

முதல் நாள் சுறவன் இறங்கினான். சுண்டுவதற்கு முன்பே திரையன் இழுத்துவிட்டான். காலிக் கூடையோடு சுறவன் மேலே வந்தான்.

"என்ன மச்சினா, நான் சுண்டினேனா?"

"இல்லை மாமா."

"பிறகு?"

திரையன் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

இரண்டாம் நாளும் அப்படியே. சுண்டாதவனை இழுப்பது முத்துக் குளிப்பவர்களிடையே பெரிய அவமானம். இவனுக்கு மூச்சு போதாது என்று ஊருக்குச் சொல்வது போல. பக்கத்துப் படகுகளில் ஒரே கும்மாளம்.

"அப்பன் இழுக்கவே இல்லை. மகன் இழுப்பதை நிறுத்தவே இல்லை!" என்று ஒருவன் கத்தினான்.

"சுறவா, நீ கடலில் குளிக்கிறாயா, கிணற்றில் வாளியாக இறங்கி ஏறுகிறாயா?" என்று இன்னொருவன் கேட்டான்.

சுறவனுக்கு முகம் சிவந்தது. அன்று மாலை அலரி திரையனைக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல். ஏன் முன்னாலேயே இழுக்கிறாய்?"

"மாமா இறங்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் அக்கா. என் மூச்சு முடிகிறபோது கை தானாக இழுத்துவிடுகிறது."

அலரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் மூச்சு எங்கே, உன் மூச்சு எங்கே! அடக்குவதை விடாதே. மூச்சை வளர்த்துக்கொள்."

அன்றிலிருந்து தினமும் விடியலில் திரையன் கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் நின்று, தலையை உள்ளே விட்டு மூச்சை அடக்கிப் பழகினான். முதலில் நாற்பது எண்ணினான். பிறகு அறுபது. மூக்கில் இரத்தம் வந்த நாளும் உண்டு. பன்னிரண்டாம் நாள், அவன் மூச்சு முடிகிற நொடியும் கயிறு சுண்டுகிற நொடியும் ஒன்றாயின. சுறவனின் கூடை நிறைந்து வந்தது. ஒரு மாதம் கேலிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்புறம் அந்த நாள் வந்தது.

காற்று இல்லை, அலை இல்லை, கடல் கண்ணாடி போலக் கிடந்தது. சுறவன் இறங்கினான். திரையன் மூச்சை அடக்கினான். நேரம் போனது. அவன் மூச்சு முடிந்தது. கயிறு சுண்டவில்லை.

திரையன் இழுக்கத் தொடங்கினான்.

"ஆரம்பித்துவிட்டான் பார்!" என்றான் பக்கத்துப் படகுக்காரன். "விடுடா! அங்கே நல்ல படுகை. சிப்பி அள்ளிக்கொண்டிருப்பார். கெடுக்காதே!"

"மறுபடியும் அவரை ஊர் சிரிக்க வைக்காதே!" என்றான் இன்னொருவன்.

"பேசாமல் உட்கார், கோடன் மகனே!" என்றான் மூன்றாமவன்.

"ஆமாம், கோடன் மகன்தான்!" என்று கத்திக்கொண்டே திரையன் இழுத்தான். கயிறு கனத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. நிறுத்தவில்லை.

சுறவன் மேலே வந்தான். முகம் நீலம் பாய்ந்திருந்தது. வலது கை கட்டையைப் போலத் தொங்கியது. தொட்டவரை மரத்துப்போக வைக்கும் திருக்கை ஒன்று மணலுக்குள் பதுங்கியிருந்திருக்கிறது. சிப்பி என்று அதன்மேல் கை வைத்துவிட்டான். உடம்பு முழுவதும் மரத்துப்போய், சுண்ட நினைத்தும் ஒரு விரலும் அசையவில்லை.

கேலி செய்த மூவரும் தங்கள் படகிலிருந்து தாவி வந்தார்கள். வயிற்றை அழுத்தி நீரை எடுத்தார்கள், மார்பைத் தேய்த்தார்கள். வெகுநேரம் கழித்துச் சுறவன் இருமினான். கண்ணைத் திறந்து திரையனைப் பார்த்தான்.

"இன்றைக்குக் கொஞ்சம் தாமதம், மச்சினா" என்றான்.

செய்தி வெண்மணல்துறைக்கும் போனது. அத்தை வரச் சொல்லி ஆள் அனுப்பினாளா என்று கேட்பீர்கள். அனுப்பவில்லை. எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று பொய் சொல்ல இந்தக் கதைக்கு விருப்பமில்லை.

குளிப்புக் காலம் முடிந்தது. அந்தக் கடைசி நாளில் எழுதிரைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் செய்தி கூவுகிறவர் ஒருவர், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் ஏறி நிற்பார். அந்த ஆண்டு உயிர்களைக் கரைசேர்த்த கயிற்றுக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூவுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் குலவையிடும்.

ஊர்த் தலைவர் திரையனைத் தனியாக அழைத்தார். அவர் குரலில் இப்போது அன்பு இருந்தது.

"உனக்குச் சங்கடம் வேண்டாம் தம்பி. அலரியின் தம்பி என்று மட்டும் கூவச் சொல்லட்டுமா? அதுவும் உண்மைதானே?"

"உண்மைதான் ஐயா. ஆனால் பாதி உண்மை" என்றான் திரையன்.

கூவுகிறவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடற்காகங்கள் எழும்பிப் பறக்கும் அளவுக்குக் கணீரென்ற குரல். திரையனின் முறை வந்தது. "திரையன்" என்று உரக்கச் சொன்னார். "கோடன் மகன்" என்பதை உதட்டுக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டார்.

திரையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, மற்றவர்களுடைய அப்பா பெயரை எந்தக் குரலில் சொன்னீர்களோ, அதே குரலில் சொல்லுங்கள். என் அப்பா ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு வெற்றிலை மடித்தார். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கயிற்றைப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்ததும் அவர்தான். எனக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். என் அப்பாவை நான் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்ள மாட்டேன்."

கூவுகிறவர் தொண்டையைச் செருமினார். மூச்சை நிரப்பிக்கொண்டார்.

"திரையன்! வெண்மணல்துறைக் கோடன் மகன்!"

முதல் குலவை அலரியிடமிருந்து எழுந்தது. அடுத்தது, அவனைக் கேலி செய்த மூவரின் பெண்டாட்டிகளிடமிருந்து. பிறகு யாருடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்பா இறந்த அன்று வராத அழுகை திரையனுக்கு அப்போது வந்தது. கண்ணீரைத் துடைக்கக்கூட அவன் தலை குனியவில்லை.

பெற்றவரின் பிழையை மறைப்பவன் அவர் பெயரைப் புதைக்கிறான். அதை ஒப்புக்கொண்டு நேர்மையாக வாழ்பவனே அந்தப் பெயரை நிமிர்த்துகிறான்.