மரகதவல்லி மறந்த சுனை

மூங்கில் காட்டு யானைக் கூட்டத்துக்கு மரகதவல்லி தலைவி. கோடையில் குட்டை வற்றினால், மலைக்குப் பின்னால் வற்றாத சுனை ஒன்று உண்டு. அதற்குப் போகும் வழி அவள் ஒருத்தியின் தலையில்தான் இருந்தது. அந்தத் தலைதான் இப்போது தகராறு செய்தது.

கூடப் பிறந்த தங்கை செங்காந்தளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்டாள். தும்பிக்கை சும்மா இருக்கும்போதே நடுங்கியது. குட்டையிலோ முழங்கால் அளவுதான் தண்ணீர்!

வைத்தியர் தாவுடையார் வந்தார். அவர் ஒரு கருங்குரங்கு. தரையில் கால் வைத்தால் கற்ற கல்வி கரைந்துவிடும் என்பது அவர் குலத்து நம்பிக்கை. ஆகவே கிளையில் உட்கார்ந்தபடியே நாடி பார்த்தார். மேலிருந்து பார்த்தால் யானையில் பெரிதாகத் தெரிவது தலைதானே?

"மண்டைச் சூடு! களிமண் பற்றுப் போடுங்கள்!"

போட்டார்கள். நடுக்கம் நிற்கவில்லை. பற்றில் அறுகம்புல் முளைத்ததுதான் மிச்சம்.

"அம்மா, கோளாறு வயிற்றில் தொடங்கியிருக்கலாம்!" என்று காலடியில் ஒரு குரல் கேட்டது. சாணி வண்டு உருட்டுமணி.

தாவுடையார் விழுந்து விழுந்து சிரித்தார். "தலை எங்கே, வயிறு எங்கே! நீ எங்கேயப்பா படித்தாய்?"

"கீழே, ஐயா! மூன்று தலைமுறையாக அம்மாவின் சாணத்தைத்தான் படிக்கிறோம்."

பிறகு வண்டு தலைவியிடம் திரும்பியது. "முன்பு நாளைக்குப் பதினைந்து தடவை போடுவீர்கள். பிறகு ஒரே தடவை, அதுவும் கருங்கல்! அது தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் இந்த நடுக்கம் வந்தது. அடிவாரக் கோயிலில் மிஞ்சும் சர்க்கரைப் பொங்கலைத் தவிர வேறு எதையாவது சாப்பிடுகிறீர்களா?"

மரகதவல்லி தூரத்து மரம் ஒன்றை மிகவும் அக்கறையாகப் பார்த்தாள்.

"உங்கள் வயிற்றில் கோடி கோடியாய் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லும் பட்டையும் போட்டால் நல்ல சாறு காய்ச்சும். போடாவிட்டால் பாதி செத்துப்போகும், மீதி உங்கள் குடலையே சுரண்டித் தின்னும். அப்போது ஊறும் கெட்ட சாறு தலை வரைக்கும் ஏறும் போலிருக்கிறது."

"அதற்கு என்ன செய்ய வேண்டும்?"

"பொங்கலை விடுங்கள். மூங்கிலும் பட்டையும் தின்னுங்கள். கூடவே, உங்கள் தங்கையின் சாணத்தில் நாலு கவளம்!"

"சாணமா? தலைவியான நானா?"

"குட்டிகள் எல்லாம் தாயின் சாணத்தைத் தின்றுதானே புல்லைச் செரிக்கின்றன? நீங்களும் தின்றவர்தான்!"

"அது விவரம் தெரியாத வயது!" என்று மரகதவல்லி பிளிறினாள். "வழி எனக்குத் தெரியும். எல்லாரும் என் பின்னால் வாருங்கள்!"

இரண்டு நாள் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், நாக்கு வறண்டு, கோயில் மடைப்பள்ளியின் கொல்லைப்புறத்தில் வந்து நின்றார்கள். மரகதவல்லியின் கால்களுக்கு இப்போது அந்த ஒரு வழிதான் தெரியும்.

தாகத்தில் தள்ளாடிய குட்டி ஒன்றைச் செங்காந்தள் தும்பிக்கையால் தாங்கிப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் தலைவிக்குச் சுட்டது.

தட்டுத்தடுமாறிக் குட்டைக்குத் திரும்பியதும், மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை விழுங்கினாள்.

"எப்படி இருக்கிறது?" என்று வண்டு ஆவலோடு கேட்டது.

"பொங்கல் இல்லை."

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், அம்மா!"

ஒரு மாதம் போயிற்று. குட்டையில் சேறுதான் மிஞ்சியது. ஒரு விடியலில், "செங்காந்தள், எழுந்திரு, புறப்படலாம்!" என்றாள் தலைவி. பெயரைக் கேட்டதும் தங்கை அழுதே விட்டாள்.

வழியில் இரண்டு இடத்தில் மரகதவல்லி வெகுநேரம் யோசித்து நின்றாள். ஓரிடத்தில் தப்பாகத் திரும்பி, தானே உணர்ந்து மீண்டாள். நான்காம் நாள் எல்லாரும் சுனையில் வயிறு முட்டக் குடித்தார்கள். தும்பிக்கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை, பாதி குறைந்திருந்தது.

கிளை கிளையாகத் தாவிப் பின்தொடர்ந்த தாவுடையார் மேலிருந்து முழங்கினார்: "பார்த்தீர்களா? களிமண் பற்று மெதுவாகத்தான் வேலை செய்யும்!"

நோய் ஆடுகிற இடம் ஒன்று, அதன் வேர் ஓடுகிற இடம் வேறாக இருக்கலாம். ஆகவே உச்சியை மட்டும் பார்ப்பவரிடம் யோசனை கேட்டாலும், அடியைப் பார்த்தவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.