கொம்பையா அடைத்த குழி

சத்தியம்! மலைமேல் சத்தியம், மழைமேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன வாய் கோணிப்போகட்டும்!

ஒரு மலைக்காட்டில் கொம்பையா என்றொரு இருவாச்சிப் பறவை இருந்தது. அது இங்கே சிறகடித்தால் அடுத்த மலையில் இலை உதிரும். அதன் மனைவி வெள்ளையம்மா.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் பறவை ஓடைக்கரை மண்ணை அலகில் சுமந்து வந்து கொடுக்கும். பெண் உள்ளிருந்தபடியே அந்த மண்ணால் வாசலைப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே அதன் சிறகிலுள்ள இறகுகளும் உதிர்ந்துபோகும். அவை மறுபடி முளைக்கும்வரை, ஆண் கொண்டுவரும் பழம்தான் உயிர்.

"தினமும் பத்து நடை பழம் கொண்டாறேன், வெள்ளை!" என்றது கொம்பையா.

"பத்து வேண்டாங்க. எட்டு போதும். ஆனா எட்டும் வந்துடணும்," என்றது வெள்ளையம்மா.

முதல் மாதம் பத்தும் வந்தது. தொண்டைக்குள் அத்திப்பழத்தை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது கொம்பையா.

அத்திமரத்துக்குப் போகும் வழியில் ஒரு பலாமரம். அதன் கவட்டில் ஒரு குழி. மேலே பழுத்து வெடித்த பழங்களின் சாறெல்லாம் அதில் வடிந்து, வெயிலில் புளித்து நுரைத்துக் கிடந்தது. குழியோரத்தில் செவத்தான் என்ற மலையணில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

"மாப்ளே! வேர்த்து விறுவிறுத்து எங்கே ஓட்டம்? ஒரு வாய் குடிச்சுட்டுப் போ!"

"வீட்ல காத்திருப்பா."

"பொந்துக்குள்ள பூசி வச்சிருக்கே, எங்கே ஓடிடப் போறா?"

கொம்பையா சிரித்துவிட்டது. ஒரு வாய் குடித்தது. உடம்பு பஞ்சு மாதிரி லேசானது.

பத்து நடை ஏழானது. ஏழு நாலானது.

"அத்திமரத்துல ஒரே கூட்டம்," என்றது கொம்பையா.

"கூட்டத்துல புளிச்ச நாத்தமுமா அடிக்குது?" என்று கேட்டது கீறலுக்குள்ளிருந்து ஒரு குரல். "முட்டை ரெண்டும் பொரிஞ்சுடுச்சுங்க. பசிக்குதுன்னு கத்துதுங்க."

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. "நாளையிலேருந்து தொடமாட்டேன். சத்தியம்!"

மறுநாள் பலாமரம் வந்தது. இன்றைக்கு மட்டும் என்று நினைத்தது கொம்பையா. அதற்கடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தது. ஒருநாள் மூக்கு முட்டக் குடித்து, கிளையிலேயே சாய்ந்துவிட்டது. கண் விழித்தபோது மறுநாள் உச்சிவெயில்.

பதறியடித்துக்கொண்டு பறந்தது. பொந்துக்குக் கீழே மண்கட்டிகள் உதிர்ந்து கிடந்தன. உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம்.

"வெள்ளை! என்ன பண்றே? சிறகில்லாம வெளியே வந்தா விழுந்து செத்துடுவே!"

"உள்ளே இருந்தா மட்டும்?" குரல் கீச்சென்று தேய்ந்திருந்தது. "சின்னது விடியக்காலையில போயிடுச்சு. விழுந்தாலும் தரையில நாலு புழு பொறுக்கிப் பெரியதுக்குக் குடுக்கலாம்ல?"

கொம்பையா கீறலுக்குள் அலகை நுழைத்தது. "சத்தியமா இனிமே..."

"சத்தியம் பண்ணாதீங்க! இதுவரைக்கும் பண்ணினதே இந்தப் பொந்து கொள்ளாது. பழம் வந்தா பழத்தைத் திம்போம். வரலேன்னா சுவத்தை உடைப்பேன்."

கொம்பையா பறந்தது. பலாமரம் தெரிந்ததும் தொண்டை தானாகக் காய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டியது. அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு நடை பழம் சேர்த்தது. டொக் டொக் நின்றது.

அதற்குப் பிறகும் அது ஓய்ந்து உட்காரவில்லை. ஓடைக்கரையில் இறங்கியது. மண்ணை அள்ளிக்கொண்டு பலாமரத்துக்கு வந்தது.

"வா மாப்ளே! எங்கே காணோம்? ஒரே ஒரு வாய்!" என்றது செவத்தான்.

கொம்பையாவுக்கு வாய் நிறைய மண். அதைக் குழிக்குள் போட்டு அலகால் அழுத்தியது.

"அடப்பாவி! பெண்டாட்டிக்குப் பயந்த பயலே!"

"அந்த ஒரு வாயிலதான் என் பிள்ளை போச்சு," என்றது கொம்பையா. மறுபடி ஓடைக்குப் போனது. வெளிச்சம் மங்குவதற்குள் குழி தூர்ந்துவிட்டது.

அதோடு முடிந்ததா? இல்லை. கோடைமழை பெய்தது. மண் கரைந்து சாறு மறுபடி நுரைத்தது. வாசனை மூக்கைத் துளைக்க, கொம்பையா குழியோரத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு ஓடைக்குப் போய் மண்ணை அள்ளி வந்தது. ஒவ்வொரு மழைக்கும் அப்படியே பூசியது.

ஒருநாள் வெள்ளையம்மா சுவரை உடைத்துக்கொண்டு புதுச் சிறகோடு வெளியே வந்தது. ஆனால் கிளையில் கொம்பையாவுக்கு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தது. பெரிய குஞ்சு பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றுக்கான இடம் காலியாக இருந்தது.

"இன்னும் அந்தப் பலாமரத்து வழியாத்தான் போறீங்களா?"

"ஆமா. நேத்து ராத்திரி மழையில்ல? மண்ணு நிக்குதான்னு பார்க்கணும்."

வெள்ளையம்மா புதுச் சிறகை ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு, "இருங்க, நானும் ஒரு அலகு மண்ணு எடுத்துட்டு வரேன்," என்றது.

கெட்ட பழக்கத்தை ஒருநாள் சத்தியத்தால் விட்டுவிட முடியாது. கரையக் கரைய நாமேதான் அடைத்துக்கொண்டு வரவேண்டும்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், செவத்தானுக்கு இன்னும் கோபம் தீரவில்லை!