கடைசி நூறு மீட்டர்

"இன்னும் நூறு மீட்டர்தான் இருந்துச்சு. ஏன் கோச், என்னைப் பிடிச்சு இழுத்தீங்க?"

சங்கரபாண்டி வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பெர்சிஸ் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில இருந்து எப்ப வந்தீங்க?"

"நேத்து. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

தூத்துக்குடியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர் சங்கரபாண்டி. நாற்பது வயதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்தார். அவருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த பெர்சிஸ் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் கோச் சொன்னால் சொன்னதுதான். ஒருநாளும் தட்டியதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் பந்தயம். படகுத்துறை வாசலில் தொடங்கி, உப்பளம் வரை போய், மறுபடி படகுத்துறைக்கே திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குக் கொடியசைப்பதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. சித்திரை வெயில். இலைகூட அசையாத புழுக்கம்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுக்குப் போவோம்" என்றார் பெர்சிஸ்.

"எல்லாரும்தான ஓடுதாங்க?"

"அவங்க முடியலன்னா மெதுவாப் போவாங்க. நீங்க போக மாட்டீங்க."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சங்கரபாண்டி ஓடினார்.

பிறகு ஐஸ்கட்டி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. வெயிலின் தாக்கம் கிட்னிவரை போய்த் திரும்பி வந்தது. "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர், சங்கரபாண்டியின் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

பந்தயத்தைப் பற்றி அவர் காதுபட யாரும் பேசக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு. யாரும் பேசவில்லை.

அதனால் அவரிடம் இருந்தது அவருடைய ஞாபகம் மட்டும்தான்.

"உப்பளத்துல திரும்பி வந்த பிறகு, கடைசி ஒரு கிலோமீட்டர் நான் எப்படி ஓடுனேன்னு உங்களுக்குத் தெரியாது கோச். அப்படி ஒரு ஓட்டம் நான் ஓடுனதே இல்ல."

"சொல்லுங்க."

"முதல்ல மண்டை வலி பிளந்துச்சு. அப்புறம் அதுவும் போயிட்டு. உடம்புக்குக் கனமே இல்ல. வேர்வைகூட நின்னுட்டு."

"நின்னுட்டா?"

"சுத்தமா. குளுகுளுன்னு ஒரு காத்து. கையெல்லாம் புல்லரிச்சுது."

"அன்னைக்குக் காத்தே இல்லையே அண்ணாச்சி."

"எனக்கு அடிச்சுது."

பெர்சிஸ் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு முன்னால ஒரு ஆள் கிடையாது. நான்தான் முதல். ரெண்டு பக்கமும் ஜனங்க என்னைப் பாத்துக் கத்துதாங்க. கையை ஆட்டுதாங்க. கடையில உக்காந்து பெயின்ட் கலக்குத மனுஷன் நான். எனக்காக யாரு கோச் அப்படிக் கத்தியிருக்கா?"



"எல்லைக் கோட்டைப் பாத்தீங்களா?"

"பக்கத்துலதான இருந்துச்சு. வலது கைப்பக்கம் கடல் தகதகன்னு மின்னுது. நான் நேரா ஓடுதேன். அப்பதான் பின்னால இருந்து வந்து பனியனைப் பிடிச்சு இழுத்தீங்க. ரெண்டு பேரும் ரோட்டுல விழுந்தோம்."

பெர்சிஸின் முழங்கையில் சிராய்ப்பு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க கோச். இல்லன்னா அடுத்த மாசம் மதுரைப் பந்தயத்துக்கு நான் தனியாவே போறேன். நீங்க வர வேண்டாம்."

பெர்சிஸ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க."

அவர்கள் கடற்கரைச் சாலைக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. பந்தயத்துக்குக் கட்டிய வளைவும் பதாகைகளும் இப்போது இல்லை.

"நான் உங்களைப் பிடிச்ச இடம் ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? பழைய ஐஸ் கம்பெனி வாசல்."

அங்கே வண்டியை நிறுத்தினார்.

"அன்னைக்கு ஓடுன மாதிரியே நில்லுங்க."

சங்கரபாண்டி ரோட்டின் நடுவில் போய் நின்றார். கடலைப் பார்த்தார். அது வலது கைப்பக்கம் வரும்படி திரும்பி, தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்த நூறு மீட்டரைப் போய் முடிச்சிட்டு வாங்க. ஓடக் கூடாது. நடங்க."

நடந்தார். முதலில் வேகமாகத்தான் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரக் கடைகள் முடிந்தன. பிறகு வீடுகள் முடிந்தன. எதிரே வெறும் சாலை. அதன் கோடியில் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

நடை தளர்ந்தது. நின்றார்.

"கோச், கோடு எங்க?"

திரும்பிப் பார்த்தார்.

ஐஸ் கம்பெனி வாசலில் பெர்சிஸ் இல்லை. அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், படகுத்துறை வாசலில் ரோட்டுக்குக் குறுக்கே பந்தயத்துக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. ஸ்கூட்டரில் அங்கே போய், அதன் மேல் நின்றுகொண்டு பெர்சிஸ் கையை உயர்த்தினார்.

சங்கரபாண்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே நடந்தார். கோட்டை அடைந்ததும் அதைத் தாண்டவில்லை. பெர்சிஸின் முழங்கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அந்த ஜனங்க என்ன சொல்லிக் கத்துனாங்க கோச்?"

"திரும்புங்க, திரும்புங்கன்னு."