மண் எங்கே முடிகிறது?

பிலவ ஆண்டு, ஆனி பதினேழாம் நாள் காலை. மண்வெட்டி ஆட்கள் பதினொரு பேரோடு அமைச்சர் அனந்தப்பர் கருமேட்டில் வந்து இறங்கினார்.

வெளிறிய பாறைகளுக்கு நடுவே சுவர் போல நீண்டு ஓடும் கறுப்புக் கல்தான் கருமேடு. அதன் சரிவில் செம்மண். செம்மண்ணில் வெள்ளையம்மாளின் ஆமணக்கு. போரில் செத்த அவள் புருஷனுக்காக ராஜா கொடுத்த இடம்.

“ராஜா கொடுத்தது கல்லை. மேலே கிடக்கிற மண் அரண்மனையுடையது. ராணியம்மாவின் மல்லிகைத் தோட்டத்துக்கு அள்ளப் போகிறோம்” என்றார் அமைச்சர்.

“மண்ணை அள்ளிட்டா, கல்லையா சாமி நான் திங்கிறது?” என்றாள் வெள்ளையம்மாள்.

அவள் அரண்மனைக்கு ஓடினாள். வழக்கைத் தீர்க்க ராஜாவே பல்லக்கில் வந்தார். கூடவே அவை விகடகவி உலகுடையான்.

“‘அந்தக் கருங்கல்லை எடுத்துக்கொள்’ என்றுதான் அன்று சொன்னேன். அமைச்சர் பேச்சு சரிதானே?” என்றார் ராஜா.

“முழுக்கச் சரி, மகாராஜா!” என்றான் உலகுடையான். “மண் பூராவும் அரண்மனைக்கு. ஆனால் இவள் கல்லில் ஒரு கூடை போனாலும் அது திருட்டு. அதனால் ஆட்கள் ஒரு குழி தோண்டட்டும். அமைச்சரே அதில் இறங்கி, மண் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போடட்டும்.”

“இதென்ன பெரிய வித்தை!” என்று, ஆட்கள் தோண்டத் தோண்ட அமைச்சர் இறங்கினார்.

முழங்கால் ஆழம் வரை செம்மண். “மண்!” என்றார் அனந்தப்பர். இடுப்பளவில் பழுப்புக் கட்டிகள், அழுத்தினால் பொடிந்தன. “மண்... மாதிரி.” மார்பளவில் வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும் உருண்டைகள். உரித்தால் நடுவே கன்னங்கரிய கல்.

“இதோ கல்!”

“உரித்த தோல்?” என்று கேட்டான் உலகுடையான்.

“அது... கல்லாக இருந்த மண்.”

“அப்படியானால் நேற்று வரை அவளுடையது!”

அமைச்சர் கோட்டை மேலே போட்டார். அழித்தார். கீழே போட்டார். கால் வழுக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். ஆட்கள் மண்வெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

“ஓய், கோடு எங்கே என்று நீரே சொல்லுமே!” என்று குழிக்குள்ளிருந்து கத்தினார்.

“வெயிலும் மழையும் கல்லைத் தின்று தின்று மண்ணாக்குகின்றன. என்றைக்கு மண்ணானது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் மீசை என்றைக்கு நரைத்தது என்று சொல்லுங்கள். நான் கோடு போடுகிறேன்.”

“என் மீசையா? நரைக்கவே இல்லை!” என்று அதை முறுக்கிக் காட்டினார் அமைச்சர்.

வியர்வையில் ஊறிய மீசை வெளுத்தது. விரல்கள் கறுத்தன.

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கே ஆடியது. கல்லும் அது பெற்ற மண்ணும் வெள்ளையம்மாளுக்கே என்று தீர்ப்பாயிற்று. உலகுடையானுக்கு முத்துமாலை.

அதே ஆண்டு ஐப்பசி ஒன்பதாம் நாள் பெய்த மழையில் குழி நிரம்பியது. வெள்ளையம்மாள் அதற்கு அமைச்சர் கிணறு என்று பெயர் வைத்தாள்.