எர்லன்ஃபுர்ட்டின் லாந்தர்

“தாயே, இந்தச் சின்னத்தை என்னால் வரைய முடியாது.”

ஓவியன் வோல்க்மர் தூரிகைப் பையைக் குரு மெக்டில்டின் முன்னால் வைத்தான். அவனுக்கு ஓவியம் கற்றுத் தந்தவர் அவர்தான். ஆற்றங்கரையில் தனியாக வாழ்ந்தார்.

ஜெர்மனியில் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த பகையூர்களை ஒன்றாக்கி, எர்லன்ஃபுர்ட் என்று பெயரிட்டிருந்தார்கள். புது ஊருக்குக் கேடயச் சின்னம் வேண்டும். ஓக் மரம்தான் என்றது கிழக்குக்கரை. ஆலைச் சக்கரம்தான் என்றது மேற்குக்கரை. மரம் வரைந்த பலகையை மேற்குக்கரையார் எரித்தார்கள். சக்கரம் வரைந்ததைக் கிழக்குக்கரையார் கோடாலியால் பிளந்தார்கள்.

“நீ எந்தக் கரை?” என்றார் குரு.

“கிழக்கு. இதுவரை அக்கரை மண்ணை மிதித்ததில்லை.”

குரு எழுந்துபோய்ப் படகை அவிழ்த்தார்.

“ஏறு.”

“இந்த மூடுபனியிலா?”

அவன் ஏறியதும் படகைத் தள்ளிவிட்டார்.

கரை மறைந்தது. குரு மறைந்தார். துடுப்பின் நுனியும் மறைந்தது.

தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கோ ஒரு பசுவின் கழுத்துமணி, தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. படகு மெல்லச் சுழன்றது. திசை போயிற்று. தான் மிதக்கிறோமா, மூழ்கிவிட்டோமா என்றே சந்தேகம் வந்தது.

“யாராவது இருக்கிறீர்களா?” என்று கத்தினான்.

வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் பொட்டு அசைந்தது.

அதை நோக்கித் துடுப்புப் போட்டான். முழங்கால் அளவுத் தண்ணீரில், லாந்தரை உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை.

“அம்மா, இது எந்தக் கரை?”

“கரைதான். முதலில் இறங்குங்கள். கையெல்லாம் விறைத்துக் கிடக்கிறதே!”

அவன் இறங்கினான். அவள் தன் சால்வையால் அவன் விரல்களைச் சுற்றினாள். அவனுக்கு ஏனோ அழுகை வந்தது.

ஊர் கூடிய நாளில் பலகையின் திரையை விலக்கினான்.

முழுக்க வெள்ளை. அடியில் ஒரு நீல அலை. நடுவில் எரியும் லாந்தர்.

“மரம் எங்கே?” என்று கிழக்குக்கரைத் தலைவர் சீறினார். “இது யார் வீட்டு விளக்கு?”



துக்கத்துக்கான கறுப்பு உடையணிந்த ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வரைந்திருந்த சுடரை விரலால் தொட்டாள்.

“மூடுபனியில் என் பிள்ளை ஆற்றோடு போன அன்றைக்கு இது எரிந்திருக்கக் கூடாதா?”



தலைவர் தொப்பியைக் கழற்றினார்.

“பலகையை மாட்ட ஆணி கொண்டு வாருங்கள்” என்றார்.